வாந்தி பேதி கூட்டமாக வரும்போது: கேட்க வேண்டியதும் எடுக்க வேண்டியதும்

ஒரே விடுதியில் தங்கியவர்கள், ஒரே சமையலறையில் சாப்பிட்டவர்கள் என்று இருபது முப்பது பேருக்கு ஒரே ராத்திரியில் வாந்தியும் பேதியும் வந்தால், எல்லோர் வாயிலும் முதலில் வருவது "சாப்பாடு ஒத்துக்கல" என்பதுதான். சில நேரம் அது சரியாகவே இருக்கும். பல நேரம் காரணம் பரிமாறியவர் கையில் இருக்கும், கழிவறைக் குழாயின் திருகில் இருக்கும், முந்தின நாள் ஒரு குழந்தை வாந்தி எடுத்த தரையில் இருக்கும். எது என்று கண்டுபிடிக்க உங்களுக்கு ரொம்ப நேரம் கிடையாது. காரணம் நோரோ வைரஸ் (குடலைத் தாக்கி வாந்தி பேதி தருவது) என்றால் இரண்டு மூன்று நாளில் எல்லோரும் எழுந்து நடமாட ஆரம்பித்துவிடுவார்கள். அதற்குள் தரையைக் கழுவியாயிற்று, மீந்த உணவைக் கொட்டியாயிற்று, யார் எப்போது வாந்தி எடுத்தார்கள் என்பதும் மறந்தாயிற்று.

நான் வைரஸ் ஆய்வகத்தில் வேலை பார்ப்பவள். ஆனால் பிசிஆர் (வைரஸின் மரபணுவைப் பெருக்கிக் கண்டுபிடிக்கும் சோதனை) முடிவு மட்டும் கையில் இருந்தால் எனக்கு நிம்மதி வராது. நோயாளி எந்த மணிக்கு நோயில் விழுந்தார், அதற்கு முந்தின இரண்டு நாள் எங்கே இருந்தார், யாரோடு இருந்தார் என்ற பட்டியல் பக்கத்தில் இருந்தால்தான் அந்த பாசிட்டிவுக்கு அர்த்தம் உண்டு. மருத்துவ மாணவர்கள், சுகாதார ஆய்வாளர்கள், புதிதாக ஆய்வகத்தில் சேர்ந்தவர்கள் இந்த வேலையை முதன்முறை எடுக்கும்போது கூட இருந்து சொல்வதைப் போலவே இங்கே எழுதுகிறேன்.

கிளம்பும்போதே டப்பாவோடு கிளம்புங்கள்

கேள்வித்தாளை அச்சடித்துவிட்டு அப்புறம் மாதிரி எடுக்கலாம் என்று உட்காராதீர்கள். இரண்டும் ஒரே நாளில் நடக்க வேண்டும். நோய் தொடங்கி 48 முதல் 72 மணி நேரத்துக்குள், மலம் இன்னும் தண்ணீராகப் போய்க்கொண்டிருக்கும்போது எடுத்ததுதான் நல்ல மாதிரி. அந்தக் கட்டத்தில் ஒரு கிராம் மலத்தில் ஆயிரம் கோடிக்கும் மேல் நோரோ வைரஸ் பிரதிகள் இருக்கக்கூடும். நாள் தாண்டிவிட்டால் வேலையே இல்லை என்று விட்டுவிடவும் வேண்டாம். தன்னார்வலர்களுக்கு வைரஸைக் கொடுத்துச் செய்த ஆய்வில், மலத்தில் அதன் ஆர்என்ஏ (மரபணுப் பொருள்) நான்கு வார அளவுக்குத் தென்பட்டது. பத்தாம் நாள் எடுத்த மாதிரியும் பிசிஆரில் பேசலாம். ஆனால் எலைசா போன்ற, வைரஸின் புரதத்தைத் தேடும் சோதனைகளுக்கு அது போதாது.

எத்தனை பேரிடம் எடுப்பது? குறைந்தது ஐந்து பேர், முடிந்தால் பத்து. ஒரே ஒருவரின் பாசிட்டிவை வைத்து முப்பது பேரின் நோயை விளக்கக் கூடாது. இரண்டு பேராவது அதே வைரஸுக்கு பாசிட்டிவ் ஆனால்தான் நோரோ வைரஸ் பரவல் உறுதி என்று எழுதுவது வழக்கம். எடுக்கும்போது மோசமாக நோய்வாய்ப்பட்டவர்களாகப் பார்த்துப் பொறுக்காமல், முதல் நாள் விழுந்தவர், கடைசியாக விழுந்தவர், சமையலில் இருப்பவர் என்று பரவலாக எடுங்கள். பின்னால் வகை பிரிக்கும்போது இது கைகொடுக்கும்.

மாதிரி என்றால் முழு மலம், 10 மில்லி இருந்தால் தாராளம். ஆசனவாயில் பஞ்சுக் குச்சி விட்டு ஸ்வாப் எடுப்பது சுலபம்தான், ஆனால் அதில் வைரஸ் குறைவாகவே ஏறும். வேறு வழியே இல்லாதபோது மட்டும் அதை வைத்துக்கொள்ளுங்கள். கைக்குழந்தைக்கு டயப்பர் கட்டியிருந்தால் ஈரத்தை அதன் பஞ்சு குடித்துவிடும். உள்ளே ஒரு மெல்லிய பிளாஸ்டிக் தாளை விரித்துக் கட்டச் சொல்லுங்கள், மலம் தாளின் மேலேயே தங்கும். வாந்தியையும் எடுக்கலாம், ஆனால் அது மலத்துக்கு மாற்று கிடையாது.

இனி லேபிள். சின்ன விஷயம் என்று நினைப்பீர்கள், நான் அதிகம் வற்புறுத்துவது இதைத்தான். மூடியில் எழுதாதீர்கள், ஆய்வக மேசையில் ஐந்து டப்பாவைத் திறந்துவைத்தால் மூடி மாறிப்போகும். டப்பாவின் உடம்பில் எழுதுங்கள். குளிர்பெட்டிக்குள் போவதற்கு முன்பே எழுதுங்கள், வியர்த்த டப்பாவில் மை பிடிக்காது. பெயர் வேண்டாம். பட்டியலில் இருக்கும் எண், நோய் தொடங்கிய தேதியும் மணியும், மாதிரி எடுத்த தேதியும் மணியும். இந்த இரண்டு நேரங்களும் இல்லாமல் வரும் டப்பாவைப் பார்த்தால் எனக்கு மனசு வலிக்கும். நெகடிவ் வந்தால் அது உண்மையான நெகடிவா, தாமதமாக எடுத்ததால் வந்ததா என்று பிறகு யாராலும் சொல்ல முடியாது.

டப்பாவை இறுக மூடி, கசிவைக் குடிக்கும் தாளில் சுற்றி, ஒரு பைக்குள் போட்டு, அதை இன்னொரு உறுதியான பெட்டிக்குள் வையுங்கள். 4 டிகிரி செல்சியஸில் வைத்துக் கொண்டுபோங்கள். உடனே உறைய வைத்துவிடாதீர்கள். பாக்டீரியா கல்ச்சருக்கும் (பாக்டீரியாவை வளர்த்துப் பார்க்கும் சோதனை) அதே மலத்திலிருந்து ஒரு பங்கு போக வேண்டும், அதை உறைய வைத்தால் கெட்டுவிடும். மாதிரி கொடுப்பவருக்கு எதற்காகக் கேட்கிறோம் என்று நிதானமாகச் சொல்லுங்கள். வயிறு கலங்கிக் கிடக்கிறவரிடம் மலத்தைக் கேட்பது அவருக்குச் சங்கடம். நாம் அதை அருவருப்பில்லாமல், மரியாதையோடு கேட்டால்தான் அடுத்த அறையில் இருப்பவரும் கொடுப்பார்.

யாரைக் கணக்கில் சேர்ப்பது

யார் நோயாளி என்பதற்கு முதலிலேயே ஒரு வரையறை எழுதி வையுங்கள். இப்படி இருக்கலாம்: இன்ன தேதி முதல் இன்ன தேதி வரை இந்த இடத்தில் இருந்தவர்களில், 24 மணி நேரத்தில் மூன்று முறையோ அதற்கு மேலோ இளகிப் போனவர், அல்லது ஒரு முறையாவது வாந்தி எடுத்தவர். ஆள், இடம், காலம், அறிகுறி நாலும் அதில் இருக்க வேண்டும். நாம் சந்தேகிக்கிற உணவை வரையறைக்குள் கொண்டுவரவே கூடாது. "பழக்கலவை சாப்பிட்டு வாந்தி எடுத்தவர்" என்று எழுதிவிட்டால், சாப்பிடாமல் நோய்வாய்ப்பட்டவர் கணக்கிலேயே வரமாட்டார். பழக்கலவைதான் காரணம் என்று கணக்கு போடுவதற்கு முன்பே முடிவு கட்டியதாகிவிடும்.

பிறகு லைன் லிஸ்ட், அதாவது நோயாளிகளின் பட்டியல். ஒரு ஆளுக்கு ஒரு வரி. எண், வயது, ஆணா பெண்ணா, அறை அல்லது வகுப்பு, வேலை, நோய் தொடங்கிய தேதியும் மணியும், வாந்தி உண்டா, பேதி உண்டா, காய்ச்சல் உண்டா, மலத்தில் ரத்தம் உண்டா, எப்போது நின்றது, மாதிரி எடுத்தாயிற்றா. இவ்வளவு போதும். நாற்பது கேள்வி கொண்ட படிவத்தைப் பாதி நிரப்பி வைப்பதைவிட, இந்தப் பன்னிரண்டு கட்டத்தை முழுசாக நிரப்புவது மேல்.

இதில் கஷ்டமானது மணி. "எப்ப ஆரம்பிச்சது?" என்று கேட்டால் "நேத்து" என்பார்கள். அத்தோடு விடாதீர்கள். "ராத்திரி படுக்கப் போறப்ப நல்லா இருந்தீங்களா?" "நல்லாதான் இருந்தேன்." "எழுப்பினது வயித்து வலியா, வாந்தியா?" "வாந்தி." "அப்போ வெளியே இருட்டா, விடிஞ்சிருச்சா?" "இருட்டு. லைட் போட்டுட்டு ஓடினேன். மணி ரெண்டரை இருக்கும்." இப்படி அன்றைக்கு நடந்தவற்றோடு சேர்த்துக் கேட்டால் மணி தானாக வரும். இரண்டு மணி நேரம் முன்பின் இருந்தால் பரவாயில்லை. "நேற்று" என்று மட்டும் எழுதிய வரியை, பின்னால் போடப்போகும் நோய் வளைகோட்டில் எங்கே வைப்பது?

சமையலறையில் இருப்பவர்களைத் தனியாக, மேலதிகாரி இல்லாத இடத்தில் உட்கார வைத்துக் கேளுங்கள். வேலை போய்விடும் என்ற பயத்தில் அவர்கள் வாயைத் திறக்கமாட்டார்கள். தண்டிக்க வரவில்லை என்பதை வார்த்தையில் மட்டுமில்லாமல் நடத்தையிலும் காட்டுங்கள். "உங்களுக்கு வயிறு சரியில்லாமல் இருந்ததா" என்பதோடு நிறுத்தாமல், "வீட்டில் குழந்தைகளுக்கு இருந்ததா" என்றும் கேளுங்கள். தனக்கு அறிகுறியே இல்லாமல் வைரஸை வெளியேற்றுகிறவர்கள் நிறைய உண்டு. அவர்கள் பொய் சொல்லவில்லை, அவர்களுக்கே தெரியாது.

ஆய்வகம் சொல்வதற்கு முன்பே ஒரு ஊகம்

1968ல் அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்தில் நார்வாக் என்ற ஊரின் ஒரு தொடக்கப் பள்ளியில் இப்படி ஒரு பரவல் நடந்தது. அப்போது எந்த பாக்டீரியாவும் கிடைக்கவில்லை. பத்திரமாக வைத்திருந்த மாதிரியிலிருந்து 1972ல் ஆல்பர்ட் கபிகியன் குழுவினர், நோயிலிருந்து மீண்டவரின் எதிர்ப்பொருளைச் சேர்த்து எலக்ட்ரான் நுண்ணோக்கியில் பார்த்தபோது 27 நானோமீட்டர் அளவுத் துகள்கள் கொத்தாகத் தெரிந்தன. அந்த ஊரின் பெயரிலிருந்துதான் நோரோ வைரஸ் என்ற பெயர். அடுத்த ஆண்டு மெல்போர்னில் ரூத் பிஷப் குழுவினர் குழந்தைகளின் சிறுகுடல் திசுவில், பேதி தரும் இன்னொரு வைரஸான ரோட்டா வைரஸைக் கண்டார்கள். அந்தக் காலத்தில் சாதாரண ஆய்வகங்களில் நோரோவுக்குச் சோதனையே கிடையாது. அதனால் நோயின் நடத்தையை வைத்தே அடையாளம் காண 1982ல் கப்லான் என்பவரும் சக ஆய்வாளர்களும் நான்கு அளவுகோல்களைக் கொடுத்தார்கள். இன்றைக்கும் நான் களத்தில் முதலில் போடும் கணக்கு அதுதான்.

நோயாளிகளில் பாதிக்கு மேற்பட்டவர்களுக்கு வாந்தி. நோயரும்பு காலத்தின் (வைரஸ் உள்ளே போனதிலிருந்து அறிகுறி தொடங்கும் வரை) சராசரி 24 முதல் 48 மணி. நோய் நீடிக்கும் சராசரி 12 முதல் 60 மணி. மலக் கல்ச்சரில் பாக்டீரியா இல்லை. நாலும் பொருந்தினால் நோரோ என்று கிட்டத்தட்ட உறுதியாகச் சொல்லலாம். அமெரிக்கப் பரவல்களை வைத்து 2006ல் வந்த மறு ஆய்வில் இதன் குறிப்புத்தன்மை (நோரோ அல்லாததைச் சரியாக விலக்குவது) 99 விழுக்காடு, உணர்திறன் (நோரோவைத் தவறாமல் பிடிப்பது) 68 விழுக்காடு. அதாவது பொருந்தினால் நம்பலாம். பொருந்தவில்லை என்பதற்காக நோரோ இல்லை என்று தள்ளிவிட முடியாது. மூன்றில் ஒரு பங்கு நோரோ பரவல்கள் இந்தச் சல்லடையில் தங்காமல் நழுவிப் போகும்.

மணிக்கணக்கு மற்ற காரணங்களையும் பிரித்துக் காட்டும். சாப்பிட்ட ஒன்று முதல் ஆறு மணி நேரத்துக்குள் எல்லோரும் வாந்தி எடுத்தால் ஸ்டஃபைலோகாக்கஸ் அல்லது பேசில்லஸ் சீரியஸ் நஞ்சை நினையுங்கள், அது வைரஸின் வேகம் அல்ல. ரோட்டாவுக்கு இரண்டு நாள் போல ஆகும், நோய் மூன்று நாளிலிருந்து எட்டு நாள் வரை இழுக்கும், பெரும்பாலும் சின்னக் குழந்தைகள். ஆஸ்ட்ரோ என்ற இன்னொரு குடல் வைரஸுக்கு மூன்று நான்கு நாள். குடலைத் தாக்கும் அடினோ வைரஸின் 40, 41 வகைகளுக்கு ஒரு வாரத்துக்கு மேலும் ஆகலாம். மலத்தில் ரத்தம், கடும் காய்ச்சல் என்று பலருக்கு இருந்தால் பாக்டீரியாப் பக்கம் திரும்புங்கள். பெரியவர்களுக்கே கழுநீர் மாதிரி கொட்டிக்கொண்டிருந்தால் காலராவுக்கு உடனே சொல்லி அனுப்புங்கள், கணக்கு அப்புறம்.

வளைகோடு

பட்டியலில் உள்ள நேரங்களை வைத்துப் படம் போடுங்கள். கீழ் அச்சில் நேரம், மேல் அச்சில் புதிதாக விழுந்தவர்கள் எண்ணிக்கை. ஒரு கட்டத்தின் அகலம் சந்தேகிக்கும் நோயின் நோயரும்பு காலத்தில் கால் பங்கு முதல் மூன்றில் ஒரு பங்கு. நோரோவுக்கு நான் 6 அல்லது 8 மணி நேரம் வைக்கிறேன். ஒரு நாளை ஒரு கட்டமாக வைத்தால் கதை முழுக்க இரண்டு தூணில் முடிந்துவிடும், ஒன்றும் தெரியாது.

விர்ரென்று ஏறி ஒரு நாள் ஒன்றரை நாளுக்குள் இறங்கினால், எல்லோரும் ஒரே நேரத்தில் ஒரே மூலத்திலிருந்து வாங்கியிருக்கிறார்கள். உச்சியிலிருந்து 33 மணி போலப் பின்னால் எண்ணினால் எந்த வேளைச் சாப்பாடு என்று கைக்கு வரும். மெதுவாக ஏறி, சற்று இறங்கி, மறுபடி ஏறினால் ஆளிலிருந்து ஆளுக்குப் போகிறது. நோரோவில் பெரும்பாலும் இரண்டும் கலந்துதான் வரும். முதலில் ஒரு செங்குத்து மேடு, அதன் பின்னால் வால். அந்த வாலில் இருப்பவர்கள் முதல் நோயாளிகளின் அறைத்தோழர்களா, அவர்களைப் பார்த்துக்கொண்டவர்களா என்று பாருங்கள்.

சாப்பிட்டவர், சாப்பிடாதவர்

நோய்வாய்ப்பட்டவர்களை மட்டும் கேட்டுவிட்டு வராதீர்கள். நன்றாக இருப்பவர்கள் என்ன சாப்பிட்டார்கள் என்பதில்தான் விடை இருக்கிறது.

உதாரணத்துக்கு 100 பேர் சாப்பிட்டு 37 பேர் விழுந்தார்கள் என்று வைத்துக்கொள்வோம். சூப் குடித்த 90 பேரில் 34 பேருக்கு நோய். பழக்கலவை சாப்பிட்ட 60 பேரில் 33 பேருக்கு நோய். நோயாளிகளின் எண்ணிக்கையை மட்டும் பார்த்தால் சூப்பின் மேல் பழி விழும். ஆனால் சூப் குடிக்காத 10 பேரில் 3 பேரும் விழுந்திருக்கிறார்கள். 38 விழுக்காடு எதிர் 30 விழுக்காடு, பெரிய வித்தியாசம் இல்லை. பழக்கலவை தொடாத 40 பேரில் 4 பேர்தான் விழுந்தார்கள். 55 விழுக்காடு எதிர் 10 விழுக்காடு, ஐந்தரை மடங்கு. அத்தோடு, விழுந்த 37 பேரில் 33 பேரை அது விளக்கிவிடுகிறது. மீதி நாலு பேரை ஒதுக்காமல் திரும்பப் போய்க் கேளுங்கள். மறந்திருப்பார்கள், பக்கத்துத் தட்டிலிருந்து ஒரு வாய் எடுத்திருப்பார்கள், அல்லது அறைத்தோழரிடமிருந்து வாங்கியிருப்பார்கள்.

பதார்த்தத்தோடு நிறுத்தாமல் சேர்மானம் வரை இறங்க வேண்டும். 2012ல் கிழக்கு ஜெர்மனியில் பள்ளிகளிலும் குழந்தைகள் காப்பகங்களிலும் ஏறத்தாழ 11,000 பேருக்கு வாந்தி பேதி வந்தது. சமையல் குறிப்புகளைச் சேர்மானமாகப் பிரித்துப் பார்த்தபோது உறைய வைத்த ஸ்ட்ராபெரி நின்றது. பிறகு அந்தச் சரக்கிலேயே நோரோ வைரஸ் கிடைத்தது. சமைக்காத பழம், கடல் சிப்பி, சமைத்த பின் கைபட்ட உணவு, இந்த மூன்றையும் எப்போதும் தனிக் கேள்வியாகக் கேளுங்கள்.

உணவே இல்லாமலும் நடக்கும். 1998 டிசம்பரில் இங்கிலாந்தில் ஒரு ஓட்டல் விருந்தில் ஒரு பெண் மேசையிலேயே வாந்தி எடுத்தார். ஆய்வு செய்தவர்கள் யார் எந்த மேசையில் உட்கார்ந்தார்கள் என்று படம் வரைந்தார்கள். அவர் மேசையில் இருந்தவர்களில் பத்துக்கு ஒன்பது பேர் நோய்வாய்ப்பட்டார்கள். தள்ளிப்போகப் போக அது குறைந்து, மிகத் தொலைவான மேசையில் கால்வாசி ஆனது. அன்று உணவுக் கேள்வித்தாள் மட்டும் கையில் இருந்திருந்தால் இது வெளியே வந்திராது. 2010ல் அமெரிக்காவின் ஆரிகன் மாநிலப் பெண்கள் கால்பந்து அணி ஒன்றில் பரவியதையும் இதோடு சேர்த்துப் படிக்க வேண்டும். நோய்வாய்ப்பட்ட சிறுமி பயன்படுத்திய குளியலறையில் ஒரு தின்பண்டப் பை இருந்தது. அவள் அதைத் தொடவே இல்லை. அதிலிருந்து எடுத்துச் சாப்பிட்டவர்கள் விழுந்தார்கள். இரண்டு வாரம் கழித்தும் அந்தப் பையின் மேற்புறத்தில் வைரஸின் ஆர்என்ஏ கிடைத்தது. அதனால் உங்கள் படிவத்தில் "யாராவது பொது இடத்தில் வாந்தி எடுத்தார்களா, எங்கே, யார் துடைத்தார்கள், எதால் துடைத்தார்கள்" என்ற கேள்வி கட்டாயம் இருக்கட்டும்.

ஆய்வக மேசையில்

நோரோவுக்கு ரியல் டைம் ஆர்டி-பிசிஆர்தான் (ஆர்என்ஏவை முதலில் டிஎன்ஏவாக மாற்றி, அது பெருகப் பெருக அளப்பது) இன்றைய அடிப்படை. வைரஸ் ஆர்என்ஏவில் ஓஆர்எஃப்-1, ஓஆர்எஃப்-2 என்ற மரபணுப் பகுதிகள் இரண்டும் சேரும் இடம் அதிகம் மாறாதது, அதனால் பிரைமர்களை (பெருக்கலைத் தொடங்கிவைக்கும் சிறு இழைகளை) அங்கே வைக்கிறார்கள். நோரோவின் முதல், இரண்டாம் ஜீனோகுரூப்புக்கு (மரபணுப் பிரிவுக்கு) தனித்தனி பிரைமர் வேண்டும். எலைசா கிட்டும் விரைவுப் பட்டையும் பரவலின் முதல் சலிப்புக்கு உதவும். பலரின் மாதிரியில் சில பாசிட்டிவ் வந்தால் வழி தெரிந்துவிடும். ஆனால் தனி ஒருவரின் நெகடிவை அவற்றை வைத்து நம்பக் கூடாது, பிசிஆருக்குப் போட வேண்டும். ரோட்டா விஷயத்தில் கதை வேறு. குழந்தைகள் வெளியேற்றும் அளவு அதிகம், விபி6 புரதத்தைப் பிடிக்கும் எலைசா நன்றாகவே வேலை செய்கிறது, கண்காணிப்புத் திட்டங்கள் அதை நம்பித்தான் ஓடுகின்றன.

மலத்தை பிபிஎஸ் என்ற உப்புத் தாங்கல் கரைசலில் பத்து விழுக்காடாகக் கலக்கிச் சுழற்றி, மேல்நீரிலிருந்து ஆர்என்ஏ எடுங்கள். ரோட்டாவின் மரபணு இரட்டை இழை கொண்ட 11 துண்டுகள். ஆர்டி படிக்கு முன் 95 டிகிரியில் ஐந்து நிமிடம் வைத்து இழைகளைப் பிரித்து, உடனே பனிக்கட்டியில் வையுங்கள். இந்தப் படியை விட்டுவிட்டால் நிறைய வைரஸ் உள்ள மாதிரியும் மங்கலாகத் தெரியும்.

மலத்தில் பிசிஆரைத் தடுக்கும் பொருட்கள் ஏராளம். அதனால் ஒவ்வொரு மாதிரியிலும் எம்எஸ்2 ஃபேஜ் (பாக்டீரியாவைத் தாக்கும் ஒரு வைரஸ்) போன்ற ஒரு உள்கட்டுப்பாட்டைப் பிரித்தெடுக்கும் முன்பே சேருங்கள். அது வராவிட்டாலோ தாமதமாக வந்தாலோ அந்த நெகடிவ் நெகடிவே இல்லை. ஆர்என்ஏவைப் பத்து மடங்கு நீர்த்து மறுபடி ஓட்டிப் பாருங்கள். தடை இல்லையென்றால் சிடி மதிப்பு (எத்தனையாவது பிசிஆர் சுற்றில் வைரஸ் தெரிகிறது என்ற எண்) 3.3 போலத் தள்ளிப் போக வேண்டும். தள்ளிப் போகாமல் அதே இடத்தில் நின்றாலோ முன்னால் வந்தாலோ தடை இருந்தது என்று பொருள், நீர்த்த முடிவை எடுத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு ஓட்டத்திலும் நெகடிவ் என்று தெரிந்த ஒரு மலத்தைப் பிரித்தெடுப்பிலிருந்தே கூட ஓட்டுங்கள். வெறும் தண்ணீர்க் கட்டுப்பாடு பிசிஆர் கலவையின் சுத்தத்தை மட்டும்தான் சொல்லும். கலவை தயாரிக்கும் அறையும் பெருக்கிய பொருளைத் திறக்கும் அறையும் வேறு வேறாக இருக்கட்டும். கோட்டும் பிப்பெட்டும் ஓர் அறையிலிருந்து இன்னொன்றுக்குப் போகக் கூடாது.

இனி சிடி மதிப்பு. 18ல் வரும் பாசிட்டிவும் 37ல் வரும் பாசிட்டிவும் ஒன்றல்ல, எண் கூடக் கூட வைரஸ் குறைவு. 37 என்பது மூன்று வாரத்துக்கு முந்தைய தொற்றின் மிச்சமாக இருக்கலாம். ஏழு நாடுகளில் சின்னக் குழந்தைகளின் பேதியைப் படித்த ஜெம்ஸ் ஆய்வு, நோய் இல்லாத குழந்தைகளின் மலத்தையும் எடுத்தது. அந்த மாதிரிகளை அளவு காட்டும் பிசிஆரில் மறுபடி ஓட்டி, இருபுறமும் ஒப்பிட்டு 2016ல் வெளியிட்டபோது, அடினோ 40, 41 வகைகளின் பங்கு முன்பு கணித்ததைவிடப் பல மடங்கு பெரிதாகத் தெரிந்தது. ஆரோக்கியமானவர்களின் மாதிரி இல்லாமல், "இத்தனை விழுக்காடு மலத்தில் நோரோ இருந்தது" என்பதை "இத்தனை விழுக்காடு பேதிக்கு நோரோ காரணம்" என்று எழுதும் ஆய்வேடுகளைப் பார்க்கும்போது எனக்குக் கவலையாக இருக்கிறது. நீங்கள் அப்படி எழுதாதீர்கள்.

கைக்குழந்தைகளிடம் ரோட்டா தேடினால், ரோட்டா சொட்டு மருந்து எந்தத் தேதியில் கொடுத்தார்கள் என்று கேட்டே ஆக வேண்டும். அது உயிருள்ள வைரஸ் தடுப்பூசி. கொடுத்த நாட்களில் மலத்தில் வெளியேறும், சோதனையில் பாசிட்டிவ் காட்டும்.

வகை பிரிப்பது எதற்கு

பாசிட்டிவ் மாதிரிகளில் வைரஸ் மரபணுவின் ஒரு துண்டை வரிசைப்படுத்திப் பாருங்கள். நோரோவுக்கு பாலிமரேஸ் (வைரஸைப் பிரதி எடுக்கும் நொதி), கேப்சிட் (அதன் புறக்கூடு) இரண்டுக்கும் சேர்த்து இரட்டைப் பெயர் வைப்பதுதான் இப்போதைய முறை. சமையலறை ஊழியரிடமும் சாப்பிட்டவர்களிடமும் அதே வரிசை இருந்தால் இணைப்பு பலமாகிறது. ஆனால் அவர் கொடுத்தாரா, அவரும் அதே உணவிலிருந்து வாங்கினாரா என்பதை வரிசை சொல்லாது. அதை அவர் நோய் தொடங்கிய மணிதான் சொல்லும். ஒரே பரவலில் இரண்டு மூன்று வகை கலந்து வந்தால் கழிவுநீர் கலந்த தண்ணீரையோ கடல் சிப்பியையோ தேடுங்கள். ஊரெங்கும் ஜி2.4 (இரண்டாம் ஜீனோகுரூப்பின் நான்காம் வகை) சுற்றும் பருவத்தில் இரண்டு இடத்தில் ஜி2.4 கிடைத்தது என்பது பெரிய சான்றல்ல. 1990களின் நடுவிலிருந்து நீண்ட காலம் உலகத்தில் அதிகம் கிடைத்ததே அதுதான்.

பரவலைத் தாண்டி ஆண்டு முழுக்கக் கண்காணிப்பு வைக்க நினைத்தால், ஐந்து வயதுக்குக் கீழே, 24 மணி நேரத்தில் மூன்று முறையோ அதற்கு மேலோ இளகிப் போய், ஏழு நாளுக்கு மேற்படாத நோயோடு சேர்க்கப்பட்ட குழந்தைகளை எடுங்கள். சேர்த்த 48 மணி நேரத்துக்குள் மலம் எடுங்கள், தாமதித்தால் மருத்துவமனையிலேயே வாங்கிய தொற்றும் கலந்துவிடும். கடுமையை வெசிகாரி மதிப்பெண்ணில் (பேதி, வாந்தி, காய்ச்சல், நீரிழப்பு ஆகியவற்றை வைத்துப் போடுவது) குறியுங்கள், 20க்கு 11ம் அதற்கு மேலும் என்றால் கடுமை. தடுப்பூசி எவ்வளவு காக்கிறது என்று அறிய, ரோட்டா பாசிட்டிவ் குழந்தைகளையும் அதே வார்டில் ரோட்டா நெகடிவ் ஆன குழந்தைகளையும் ஒப்பிடலாம், தனியாகக் கட்டுப்பாட்டுக் குழு தேட வேண்டியதில்லை.

முடிவு வரும் வரை

பிசிஆருக்காகக் காத்திருக்காமல் செய்ய வேண்டியவை உண்டு. உப்புச் சர்க்கரைக் கரைசல் எல்லோருக்கும் எட்டும் இடத்தில் இருக்கட்டும், குழந்தைகளையும் முதியவர்களையும் நீரிழப்புக்குப் பார்த்துக்கொண்டே இருங்கள். கையை சோப்பும் ஓடும் தண்ணீரும் போட்டுக் கழுவச் சொல்லுங்கள். ஆல்கஹால் ஜெல்லை மட்டும் நம்ப வேண்டாம், நோரோவுக்கு மேலுறைக் கொழுப்பு கிடையாது, ஆல்கஹாலுக்கு எளிதில் சாகாது. வாந்தியை முதலில் தாளால் ஒற்றி எடுத்துவிட்டு, அப்புறம் குளோரின் ஊற்றுங்கள். அழுக்கின் மேலேயே ஊற்றினால் அழுக்கே குளோரினைத் தின்றுவிடும். 5 விழுக்காடு ப்ளீச்சில் ஒரு பங்குக்கு 49 பங்கு தண்ணீர் சேர்த்தால் 1000 பிபிஎம் (பத்து லட்சத்தில் 1000 பங்கு) குளோரின் ஆகும். வாந்தி பட்ட இடத்துக்கு 5000 வரை போகலாம். பத்து நிமிடமாவது ஈரமாக இருக்கட்டும். சமையலறையில் நோய்வாய்ப்பட்டவர் அறிகுறி நின்று 48 மணி நேரம் ஆகும்வரை உணவைத் தொடக் கூடாது, அந்த நாட்களுக்கு அவர் சம்பளம் பிடிக்கப்படாது என்பதையும் நிர்வாகத்திடம் பேசி எழுதி வாங்குங்கள். சம்பளம் போகும் என்றால் யாரும் வயிறு சரியில்லை என்று சொல்லமாட்டார்கள்.

வேலை முடிந்து மீதி இருக்கும் மலத்தைச் சின்னச் சின்னக் குழாய்களில் பிரித்து மைனஸ் 70 டிகிரியில் வையுங்கள். ஒரே குழாயை உருக்கி உருக்கி உறைய வைக்காதீர்கள். நார்வாக்கில் எடுத்த மாதிரி நான்கு ஆண்டு கழித்துத்தான் பேசியது. குழாயின் எண்ணும் லைன் லிஸ்டின் எண்ணும் ஒன்றாக இருக்கிறதா என்று, உறைபெட்டியை மூடுவதற்கு முன் இன்னொருவரை வைத்து வாய்விட்டுப் படித்துச் சரிபாருங்கள்.